பட்டாதாரரின் காடு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு கௌசல்யா போன் செய்தாள். நாமக்கல் பக்கத்தில் ஒரு பெரிய உறைவிடப் பள்ளியின் விலங்கியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷம் நான் உதவியாளராக இருந்தேன். நான் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு வந்தவள் இவள்.

"அக்கா, பட்டாதாரர் ரெண்டு நாளா தீனி எடுக்கறதில்லீங்க. பம்ப்புக்குப் பின்னால போயி மூலையில நின்னுக்கறாருங்க."

"என்ன பண்ணுனே?"

"ஒண்ணும் பண்ணலீங்க்கா."

"கைய உட்டாக் கடிக்கறாரா?"

"இல்லீங்க்கா. அதுதாங்க பயமா இருக்குது."

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பட்டாதாரர் என்பது ஒரு மீன். உள்ளங்கை அகலம்கூட இருக்காது. பழம்புளி நிறம். கடலில் பவளப்பாறைகளில் குடியிருந்து பாசி தின்னும் சாதி. மீன் விற்கிறவர்கள் டேம்சல் என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் பட்டாதாரர் என்று பெயர் வைத்தார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கௌசல்யா பொய்க்காரி இல்லை. ஆனாலும் அந்த 'ஒண்ணும் பண்ணலீங்க'வை நான் நம்பவில்லை. அதே பதிலை, அதே மீனைப் பற்றி, அதே ஆய்வகத்தில் நின்று நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

கடலே இல்லாத ஊரில் கடல் மீன் எப்படி வந்தது என்று கேட்பார்கள். எங்கள் தாளாளர் கொண்டுவந்தார். முதலில் லாரி வைத்திருந்தார், பிறகு முட்டைக்கோழிப் பண்ணை போட்டார், அதன் பிறகு பள்ளிக்கூடம் கட்டினார். ஒருமுறை வெளிநாடு போய்வந்தவர், அங்கே கண்ணாடித் தொட்டியில் கடல் மீன்களைப் பார்த்துவிட்டார். "நம்ம புள்ளைங்க கடலப் பாக்க எதுக்கு ராமேஸ்வரம் போகோணும்? இங்கயே வெச்சுப்புடலாம்" என்றார். எட்டடி நீளத்தில் தொட்டி வந்தது. அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை லாரி பாடி கட்டும் பட்டறையில் செய்தார்கள். அந்தச் சட்டத்தின் மேல் பத்து டன் நெல்லை ஏற்றிக் கேரளா அனுப்பலாம். நாங்கள் மீன் விட்டோம்.

நான் அப்போது அவர் பண்ணையில் முட்டை ஷெட்டில் இருந்தேன். பன்னிரண்டாவதில் அறிவியல் படித்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "கோளி பாத்தவளுக்கு மீன் பாக்கறது என்ன பெரிய காரியம்? தீனி, தண்ணி, சுத்தம். போ" என்று அனுப்பிவிட்டார். என் பயிற்சி அவ்வளவுதான்.

முதல் வருஷம் நான் கொன்ற மீன்களின் பட்டியல் நோட்டில் இருக்கிறது. அதை இங்கே விரிக்கத் தேவையில்லை. போர்வெல் தண்ணீர் ஆகாது, சுத்திகரித்த தண்ணீரில்தான் உப்புப் பொடியைக் கலக்க வேண்டும், கலக்கி ஒரு நாள் முழுக்கக் காற்றுக்குழாய் விட்டு வைக்க வேண்டும், கரண்ட் போனால் முதலில் ஓட வேண்டியது விசிறிக்கு அல்ல பம்ப்புக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மீன் செத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது. உயிருள்ள பவளத்தை வைக்கச் சட்டம் இடம் தராது. அதனால் சங்ககிரியிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிவந்து அடுக்கினோம். மீன்கள் வித்தியாசம் பார்க்கவில்லை.

இரண்டாவது வருஷம் எட்வின் சார் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். விலங்கியல் துறைக்குத் தலைவர். ஒல்லியாக, எப்போதும் ஒரே மாதிரி அரைக்கைச் சட்டை போட்டிருப்பார். வந்த முதல் நாள் தொட்டியின் முன் ஒரு நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். நான் டீ கொண்டுவந்து வைத்தேன். அது ஆறிப்போனது. எழுந்து, "தங்கமணியம்மா, ஒரு நோட்டு வாங்கிக்கிடுங்க. தினமும் காலையில பத்து நிமிஷம் இதைப் பாத்து எழுதணும். பாத்ததை மட்டும் எழுதுங்க. நினைச்சதை எழுதாதீங்க" என்றார்.

அது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். முதல் நாள் நான், 'பழுப்பு மீனுக்குக் கோபம்' என்று எழுதியிருந்தேன். சார் அதை அடித்துவிட்டு, "கோபம் எங்க இருந்துச்சு? தலையிலயா வாலிலயா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. பதில் சொல்லும்வரை காத்துக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து, 'நத்தையின் பக்கம் வேகமாகப் போனது. முட்டியது. நத்தையைக் கவ்வி ஒரு சாண் தூரம் கொண்டுபோய்ப் போட்டது' என்று எழுதப் பழகினேன்.

அந்தப் பழுப்பு மீன் நாங்கள் காசு கொடுத்து வாங்கியதல்ல. வேறு மீன்கள் வாங்கியபோது கடைக்காரர் கொசுறாகப் போட்டது. வந்த வாரமே இடது பக்கத்துப் பெரிய கல்லைப் பிடித்துக்கொண்டது. மற்ற கற்கள் எல்லாம் வெறும் சாம்பல் நிறத்தில் கிடக்க, அந்தக் கல்லில் மட்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பாசி பட்டுப்போல வளர்ந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. பிறகு ஒரு நாள் பார்த்தேன். மீன் அந்தப் பாசிக்குள் தலையை விட்டு, நீளமாக வளர்ந்த வேறு ஒரு இழையைப் பிடுங்கி, எல்லைக்கு வெளியே கொண்டுபோய்த் துப்பிவிட்டுத் திரும்பியது. மறுபடி ஒன்று. என் பிறந்த ஊர் பரமத்தி வேலூர். எங்கள் அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். குனிந்து களை எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தெரியாமல் போகுமா?

ஆக, அது ஒரு விவசாயி. அந்தப் பாசி அதன் காடு; எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் காடு என்போம். பாசி தின்கிற எவனும் அந்தப் பக்கம் வரக்கூடாது. சுத்தம் செய்யக் கையை விட்டால் என் கையையும் கடிக்கும். வலிக்காது. ஆனால் அவமானமாக இருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குப் பட்டாதாரர் என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் எனக்கும் மரியாதை தானாக வந்துவிட்டது.

சார் ஒரு சோதனை வைத்தார். ஊறுகாய் பாட்டில் ஒன்றை நன்றாகக் கழுவி, மூடியில் துளை போட்டு, அடியில் கோலிக்குண்டுகளைப் போட்டு, அதற்குள் ஒரு மீனை விட வேண்டும். தொட்டியின் வெளிப்பக்கம் டெய்லர் டேப்பை ஒட்டியிருந்தோம். பாட்டிலைக் கயிற்றில் கட்டி, தொட்டியின் வலது கோடியில் இறக்கி, கல்லை நோக்கிப் பத்துப் பத்து சென்டிமீட்டராக நகர்த்த வேண்டும். எந்த இடத்தில் பட்டாதாரர் கிளம்பி வந்து பாட்டிலை முட்டுகிறாரோ அந்தத் தூரத்தை எழுத வேண்டும். முட்டியதும் பாட்டிலை எடுத்துவிட வேண்டும். உள்ளே இருப்பதும் ஓர் உயிர் என்பார் சார்.

ஒவ்வொரு முறையும் முதலில் வெறும் பாட்டிலை இறக்கச் சொல்வார்.

"எதுக்குங்க சார் வெறும் பாட்டில்?"

"இல்லேன்னா அவரு மீனைத் துரத்துறாரா, ஊறுகாய் கம்பெனியைத் துரத்துறாரான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

சிரிக்கவே மாட்டார். நானும் அடக்கிக்கொள்வேன்.

நாலு வருஷ நோட்டில் விஷயம் தெளிவாக இருந்தது. பாசி தின்னாத மீன் பக்கத்தில் வந்தால் பட்டாதாரர் கண்டுகொள்வதில்லை. கல்லைத் தொடும் அளவுக்கு வந்தால்தான் ஒரு முட்டு. பாசி தின்கிற மீன் என்றால் நாலடி தூரத்திலேயே கிளம்பிவிடுவார். யார் வந்தால் தன் காட்டுக்குச் சேதம் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

சாருக்கு இதில் ஒரு வைராக்கியம் உண்டு. கடலோரத்தில் வருஷத்துக்கு ஒருமுறை மீன் ஆராய்ச்சிக்காரர்களும் ஆசிரியர்களும் கூடுவார்கள். சார் லீவு போட்டுப் போவார். போனதும், "எட்வின், நாமக்கல்ல கடல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்பார்களாம். வருஷா வருஷம் அதே கேள்வி. "தெக்குப் பக்கம் எட்டடி" என்று பதில் சொல்வேன் என்றார். அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வேடிக்கை அவருக்குப் பழகவே இல்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

தாளாளருக்குப் பகட்டான மீன் வேண்டும் என்று ஆசை. சர்ஜன் மீன் ஒன்று வாங்கினார்கள். வெள்ளை உடம்பு, அதில் கறுப்புக் கோடுகள். ஜெயில் சட்டை போட்டதுபோல இருக்கும். வாலடியில் கத்திபோல ஒரு முள் உண்டு. அதுவும் பாசி தின்கிற சாதிதான். மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்து நோயில்லை என்று பார்த்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை பெரிய தொட்டியில் விட்டேன். பத்து நிமிஷத்தில் பட்டாதாரர் நாற்பத்தொரு முறை துரத்தினார். சர்ஜன் பம்ப் ஓரமாகப் போய் நின்றுவிட்டது. அந்த வாரம் சார் விடைத்தாள் திருத்தும் பணிக்காகச் சேலத்தில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை தாளாளர் வந்தார். மறுநாள் சேர்க்கைக்காகப் பெற்றோர் வருகிற நாள். தொட்டியைப் பார்த்தார்.

"ஏம்மா, இதென்னம்மா கல்லெல்லாம் பாசி புடிச்சுக் கெடக்குது? எம்பட கோளிப் பண்ணை கண்ணாடியாட்டம் இருக்குது. புள்ளைங்க படிக்கற எடம் இப்பிடியா இருக்கறது?"

"அது பட்டாதாரரோட பாசிங்க."

"ஆரோட பாசியா இருந்தா என்ன? தேய்ச்சு உடு."

அவர் சொன்னதால் மட்டும் செய்தேன் என்று பழியைப் போட முடியாது. எனக்கும் உள்ளுக்குள் அது அழுக்காகத்தான் தெரிந்தது. கோழி ஷெட்டில் பாசி என்றால் நோய். ஆறு வருஷம் கோழிகளுக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலைத் தேய்த்துப் பழகிய கை இது. அதோடு, பாசி போய்விட்டால் பட்டாதாரருக்குக் காக்க ஒன்றும் இருக்காது, அந்த ஜெயில் சட்டைக்காரன் பிழைத்துக்கொள்வான் என்று ஒரு கணக்கும் போட்டேன். பண்ணையிலிருந்து சிவப்புக் கைப்பிடி பிரஷ் ஒன்றை வாங்கிவந்து, கையுறை போட்டு, நாற்பது நிமிஷம் தேய்த்தேன். அந்த நேரமெல்லாம் பட்டாதாரர் என் கையையும் பிரஷையும் கடித்துக்கொண்டே இருந்தார். எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை. கல் பளபளவென்று ஆனது. தாளாளர், "இப்பத்தான் தொட்டி" என்றார்.

மதியம் பார்த்தால் பட்டாதாரர் அந்தக் கல்லில் இல்லை. மூலையில் நின்றார். தீனி போட்டேன், எடுக்கவில்லை. கையை விட்டேன், கடிக்கவில்லை.

நோட்டில் நான் எழுதியது இதுதான்: 'கல்லில் பாசி இல்லை. பட்டாதாரர் கல்லை விட்டு நீங்கினார். சர்ஜன் தொட்டி முழுக்கச் சுற்றுகிறது.' மூன்றும் கண்ணால் பார்த்தது. எல்லாவற்றுக்கும் முதலில் வரவேண்டிய ஒரு வரியை மட்டும் எழுதவில்லை.

சார் சேலத்திலிருந்து திரும்பி வந்ததும் நோட்டைத்தான் எடுத்தார். இரண்டு முறை படித்தார். தொட்டிக்கு அருகே போய்ப் பார்த்தார்.

"நீங்க எதுவும் பண்ணலியேம்மா?"

"ஒண்ணும் பண்ணலீங்க சார்."

"ஒத்தை சர்ஜன். ஒரே நாள்ல பாசியைத் தின்னு தீத்து அவரைக் கிளப்பிட்டு! கடல்ல இதுங்க கூட்டமா வந்தாத்தான் ஜெயிக்கும். ஒத்தையா வந்து ஜெயிச்சதா நான் கேள்விப்பட்டதே இல்ல."

அன்று அவர் டீயைச் சூடாகக் குடித்தார். இரண்டாவது கப் கேட்டார். அடுத்த இரண்டு வாரமும் வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து எழுதினார். கடலோரக் கூட்டத்தில் படிக்க. நாலு வருஷ நோட்டும், கடைசியில் என் மூன்று வரியும். அவர் எழுத எழுத எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் திரும்ப முட்டை ஷெட். அது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே நாலு பேர் முன்னால் இந்த மனிதர் எழுந்து நின்று நடக்காததை நடந்ததாகப் படிப்பார், யாராவது ஒரு கேள்வியில் அதைக் கவிழ்ப்பார்கள், அதன்பிறகு நாமக்கல்லில் கடல் எந்தப் பக்கம் என்று கேட்பதற்குக்கூட யாரும் அவரை மதிக்க மாட்டார்கள் என்பதுதான் தாங்கவில்லை.

அவர் கிளம்புகிற அன்று காலை ஏழு மணிக்கு நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மதுரை பஸ் பக்கத்தில் பையோடு நின்றிருந்தார்.

"சார், பாசிய சர்ஜன் திங்கலீங்க. நான்தானுங்க தேய்ச்சு எடுத்தேன்."

கத்துவார் என்று நினைத்தேன். பையைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எந்த பிரஷ்?"

"கோளிக்குத் தண்ணி போற வாய்க்கால் களுவறதுங்க. சிவப்புக் கைப்பிடி."

"கம்பியா, நைலானா?"

"நைலானுங்க."

"சோப்பு?"

"இல்லீங்க."

"எத்தனை நிமிஷம்?"

"நாப்பதுங்க."

"அவரு என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"கடிச்சுட்டே இருந்தாருங்க. அப்பறம் உட்டுட்டாருங்க."

"எத்தனாவது நிமிஷத்துல விட்டாரு?"

"தெரியலீங்க சார். நான் பாக்கல."

அப்போதுதான் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பாத்திருக்கணும்" என்றார். நோட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். "சுரண்டினது தெரியாம செஞ்சது. எழுதாம விட்டது தெரிஞ்சு செஞ்சது. எழுதுங்க."

முதல் வரிக்கு மேலே இருந்த கொஞ்சம் இடத்தில், பஸ்ஸின் பக்கவாட்டில் நோட்டை வைத்து எழுதினேன். 'பாசியை நான் சுரண்டினேன்.' ஓரத்தில் அன்றைய தேதி போடச் சொன்னார். கையெழுத்தும் போடச் சொன்னார். அழுகை வந்தது. பஸ் ஸ்டாண்டில் அழுதால் நாலு பேர் என்னாச்சும்மா என்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். சார் நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

நான் முட்டை ஷெட்டில் போடுகிற ரப்பர் செருப்பைத் தேடி எடுத்துக் கழுவி வைத்தேன். நாலாம் நாள் சார் வந்தார்.

"என்னங்க சார் சொன்னாங்க?"

"வழக்கம்போலக் கேட்டாங்க, கடல் எந்தப் பக்கம்னு. அப்புறம் நீங்க எழுதினதை அப்படியே வாசிச்சேன். பஸ் ஸ்டாண்டையும் சேத்து. சிரிப்பு நின்னுட்டு. ஒரு அம்மா எந்திரிச்சு, பாசி திரும்ப வந்தா மீனும் திரும்ப வருமான்னாங்க. தெரியாதுன்னேன்." நாற்காலியைத் தொட்டியின் முன் இழுத்துப் போட்டார். "இப்பத் தெரிஞ்சுக்கிடணும்."

பட்டாதாரர் அதற்குள் இளைத்துவிட்டார். தாளாளர் வந்து பார்த்து, "ஷெட்டுல இப்பிடி ஒரு கோளி நின்னா என்ன பண்ணுவம்? மொதல்ல தூக்கி வெளிய போடுவம். எடுத்துருங்க சார்" என்றார். சார் யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று கேட்டார். "ரெண்டு மாசம் குடுங்க." தாளாளர் என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், "ரெண்டே மாசம்" என்றார்.

அந்தப் பாசியில் கொஞ்சம் தண்ணீர்க் குழாயின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தேய்க்க மறந்த இடம். என் சோம்பேறித்தனத்தால் பிழைத்தது அது ஒன்றுதான். அதை எடுத்து இரண்டு சுண்ணாம்புக்கல் பலகைகளில் தடவி, உப்புத்தண்ணீர்த் தொட்டியில் போட்டு மொட்டைமாடியில் வெயிலில் வைத்தேன். நாமக்கல்லில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர்தான் நிற்காது. காலையும் மாலையும் வற்றின அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். காக்காய் வராமல் கோழிவலை போட்டு மூடினேன். மூலையில் நிற்கிறவருக்கு வெந்நீரில் முக்கிய பாலக்கீரையைத் துணிக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டேன். நாளுக்கு ஒரு வாய் எடுத்தார். ஆறு வாரம் அப்படி ஓடியது. கல் பச்சை பிடிக்கிறதா, இவர் அதற்குள் போய்விடுவாரா என்று தினமும் மாடிக்கும் ஆய்வகத்துக்குமாக ஏறி இறங்கினேன்.

ஒரு பலகையை இறக்கினோம். முதல் நாள் பார்க்கவே இல்லை. இரண்டாம் நாள் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் காலை, பாசிக்குள் தலையை விட்டார். ஒரு நீள இழையைப் பிடுங்கினார்.

"சார், களை எடுக்கறாருங்க."

"களைன்னு எழுதாதீங்க. ஒரு இழையைப் பிடுங்கி ஒரு சாண் தூரம் கொண்டுபோய்த் துப்பியதுன்னு எழுதுங்க."

அப்படியே எழுதினேன். சார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நோட்டுக்குக் கேட்காத குரலில், "களைதான்" என்றார்.

மிச்சம் சர்ஜன். காடு திரும்பியதும் அதற்குப் பழைய அடி விழ ஆரம்பித்தது. பண்ணையில் புதுக்கோழியை ஒற்றையாக விட மாட்டோம், விட்டால் கொத்தியே கொன்றுவிடும், ஒரு கூட்டமாகத்தான் விடுவோம் என்று சாரிடம் சொன்னேன். கடலிலும் கூட்டமாக வந்தால் ஜெயிக்கும் என்று அவரே சொன்னதுதான். இன்னும் ஐந்து வாங்கி ஆறையும் சேர்த்து விட்டோம். பட்டாதாரர் ஒன்றைத் துரத்திப் போவார், மற்ற ஐந்தும் காட்டில் ஆளுக்கு ஒரு வாய் மேயும். திரும்பி வருவார், கலைந்துவிடும். இப்படி நாள் முழுக்க ஓடுவார். ஓடி ஓடி உடம்பு தேறிவிட்டார். சர்ஜன்களும் தேறின. தாளாளர், சுத்தம் செய்ததால்தான் எல்லாம் சரியானது என்று இன்றும் நம்புகிறார்.

சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான். "இன்னொரு கல்லு எப்பவும் வெயில்ல இருக்கட்டும்." நான் ஓய்வு பெற்றபோது பள்ளி மாடியில் சோலார் பலகை போட்டுவிட்டார்கள். அதனால் மாடியில் இருந்த அந்தப் பாசித் தொட்டியைப் பரமத்தி வேலூருக்கு என் வீட்டு மாடிக்கே கொண்டுவந்துவிட்டேன். எதற்கு இந்தச் சாக்கடை என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன் சார் காலமான செய்தி வந்தபோது அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றி முடித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கௌசல்யாவுக்குத் திரும்பக் கூப்பிட்டேன். அவள் நிலைமையும் எனக்குத் தெரியும். பள்ளியை இப்போது தாளாளரின் மகன் பார்க்கிறார். தொட்டியில் மிச்சமிருக்கிற இந்த மீனும் செத்தால் தொட்டியை எடுத்துவிட்டுச் சுவர் அகலத்துக்குத் திரை மாட்டி, அதில் பவளப்பாறைப் படம் ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். திரைக்கு உதவியாளர் வேண்டாம்.

"எந்த பிரஷ்ஷு?" என்று கேட்டேன்.



"செவப்புக் கைப்பிடி போட்டதுங்க்கா" என்றாள். "இன்ஸ்பெக்ஷன் வாராங்கன்னு சொன்னாங்க. கல்லு அசிங்கமா இருந்துச்சுங்க."

"எத்தன நிமிஷம்?"

"அரை மணி நேரங்க."

"நோட்டுல எளுதுனயா?"

"இல்லீங்க்கா."

"எளுதி வெய். நான் பஸ் ஏர்றேன்."

பலகையை எடுத்து மூடி போட்ட பக்கெட்டில், அது மூழ்கும் அளவு உப்புத்தண்ணீரோடு வைத்தேன். நாமக்கல் பஸ்ஸில் காலுக்கு நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்கம்மா பக்கெட்டுல?" என்றார் கண்டக்டர்.

"கல்லுங்க."

"கல்லுக்கு எதுக்குங்கம்மா தண்ணி?"

"உசுரு இருக்குதுங்க."

அவர் டிக்கெட் கிழித்தார்.

ஆய்வகத்தில் கௌசல்யா என்னை மேஜைப் பக்கம் கூட்டிப்போனாள். மேஜை மேல் இரண்டு நோட்டுகள் திறந்திருந்தன. ஒன்று அவளுடையது. 'பாசியை நான் சுரண்டினேன்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தாள். மற்றொன்று பழைய நோட்டு. அலமாரியில் தேடி எடுத்து, பஸ்ஸின் பக்கவாட்டில் வைத்து எழுதிய என் கோணல் கையெழுத்துப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பலகையைப் பழைய கல்லின் மேல் இறக்கினேன். நாற்காலியைப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பட்டாதாரருக்கு வயதாகிவிட்டது. செதில் ஓரம் வெளுத்திருந்தது. ஒரு மணி நேரம் மூலையை விட்டு நகரவில்லை. இந்தத் தடவை போய்விடுவார் என்றே நினைத்தேன். பிறகு பம்ப்பின் பின்னாலிருந்து தலை நீட்டினார். பலகையைச் சுற்றி வந்தார். மேலே நின்றார்.

பலகை கொஞ்சம் சாய்ந்திருந்தது. சரி செய்யக் கையை விட்டேன். விரலில் சுருக்கென்றது.

"கடிச்சுட்டாருங்களா அக்கா?" என்றாள் கௌசல்யா.

"நேரத்த எளுது" என்றேன். கையை எடுக்க மனம் வரவில்லை. இன்னொரு முறை கடித்தார்.